காப்புக் கட்டின வாரம்

தையல்கடை வைத்திருப்பவளுக்கு ஊர்ப் பெண்களின் உடம்பு தெரியும். யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்குத் தோள் இறங்கியது, எந்தப் பெண் மாமியாருக்குச் சொல்லாமல் மூன்றாவது மாசத்தை மறைக்கிறாள் என்பதெல்லாம் இஞ்சு டேப்பிலேயே வந்துவிடும். நானாக யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் கடை எப்போதோ மூடியிருக்கும். ஆனால் செவந்தி விஷயம் எனக்கு டேப்பில் தெரியவில்லை. வெட்டுத் துணியில் தெரிந்தது.

ரவிக்கைக்கும் பாவாடைக்கும் வெட்டியதுபோக விழுகிற துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு வைப்பேன். தலையணை அடைக்க, வண்டி துடைக்க என்று ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். செவந்தியும் வருவாள். அவள் மட்டும் சாக்கைக் கவிழ்த்துப் போட்டு, பருத்தித் துண்டாகப் பார்த்துப் பொறுக்குவாள். பாலியஸ்டரைத் தொடமாட்டாள். எதற்கடி என்றால் சட்டி பிடிக்கிற துணிக்கு என்பாள். முந்திரி வறுக்கிறவளுக்குச் சட்டி பிடிக்கத் துணி வேண்டும்தான். அதற்காக வாரம் ஒரு பையா? பாவாடை தைக்கக் கொடுத்தாலும் கறுப்பு, இல்லாவிட்டால் காப்பிக்கொட்டை நிறம். பின்பக்கம் இரட்டைத் துணி வைத்துத் தைக்கச் சொல்வாள். "உக்காந்தே கெடக்குறேன்ல, தேஞ்சு போவுதுக்கா" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

நான் கேட்டுத் துருவவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் சொல்வதற்கு வருஷக்கணக்கானது.

எங்கள் ஊர் புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில், ஆதனக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் கீற்றுக் கொட்டகைகள். கொட்டகைக்கு ஒரு அடுப்பு, ஒரு சட்டி. கொட்டையைச் சட்டியில் போட்டுக் கிளறினால் தோலிலிருந்து எண்ணெய் கசிந்து சட்டியே தீப்பிடித்து எரியும். எரிகிற கொட்டையை மணலில் தள்ளி அணைத்து, ஆறியதும் கட்டையால் தட்டிப் பருப்பை எடுக்க வேண்டும். காரில் போகிறவர்கள் இறங்கி, ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிப் போவார்கள். புகையை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் புகை சாதாரணப் புகை இல்லை, தொண்டையைப் பிடித்து உலுக்கும். வறுக்கிற பெண்கள் எல்லாருமே இருமுவார்கள். செவந்தி மட்டும் இருமலை விழுங்குவாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொறுக்க முடியாமல் இருமிவிட்டால் அடுத்த ஈடு வறுத்து முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாள். அடுப்புச் சூட்டில் சேலை காய வேண்டுமே.

இருமலைக் கிளப்புகிற வேலையை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று பிற்பாடு அவளிடம் கேட்டேன். விட முடியாது என்றாள். அந்தப் புகை நாற்றத்தில்தான் தன் நாற்றம் யாருக்கும் தெரியாமல் இருக்கிறதாம். நூறுநாள் வேலைக்கோ நாற்று நடவோ போனால் பக்கத்தில் நிற்கிறவள் மூக்கைச் சுளிப்பாள். இங்கே கருகின வாடையில் எல்லாரும் ஒன்றுதான். புகையில் உட்கார்ந்தால் இருமல், இருமினால் மூத்திரம், மூத்திரத்தை மறைக்கப் புகை. இப்படி ஒரு பொறிக்குள் ஒரு பொம்பளை இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அவளைப் பேச வைத்தது மினிபஸ். பெருங்களூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது டிரைவர் வேகத்தடையைக் கவனிக்காமல் தூக்கிப் போட்டிருக்கிறான். சீட் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, மூடி கழன்றுவிட்டதோ என்று திருகிப் பார்த்திருக்கிறாள். செவந்தி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மத்தியான வெயிலில் காய்கறிப் பையோடு ஊர்வரை நடந்தே வந்தாள். வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே என் கடைக்கு வந்து, மெஷினுக்கு அடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இதுக்கு எதுவும் வழி இருக்காக்கா? இல்ல, சாவுற மட்டும் இப்படித்தானா?"

மூத்தவள் பிரகதீஸ்வரி பிறந்தபோது ஆரம்பித்ததாம். கவியரசன் பிறந்தபிறகு ஜாஸ்தியாகிவிட்டதாம். பெற்ற தாயிடம் ஒருதரம் சொன்னதற்கு, பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் அப்படித்தான் என்று வாயை அடைத்துவிட்டாள். அதற்குப்பிறகு யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள், மகன் சென்னையில் வேலைக்குப் போகிறான். மகள் வீட்டுக்குக்கூட இவள் ஒரு ராத்திரி போய்த் தங்கியதில்லை.

நான் அவளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் போக வேண்டும் என்று அவள் முதல்நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. அது அவள் பழக்கம். டாக்டரம்மா படுக்கவைத்து இருமச் சொன்னார்கள். இருமினாள், ஒன்றும் வரவில்லை. வயிறு காய்ந்து கிடந்தால் எங்கிருந்து வரும்? எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே திட்டிவிட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு முட்டிக்கொண்டு வரும்போது கூப்பிடச் சொன்னார்கள்.

குடித்தாள். முட்டியது. இப்போது இருமல் வரவில்லை. அடக்கி அடக்கியே பழகிய தொண்டை. டாக்டரம்மா 'நல்லா இருமும்மா' என்கிறார்கள், இவள் எலி செருமுகிற மாதிரி செருமுகிறாள். கடைசியில் நான்தான் அவள் காதில், அடுப்பில் சட்டி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளடி என்றேன். இருமினாள். கட்டில் விரிப்பு நனைந்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இதைப் பார்க்கத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று டாக்டரம்மா அவள் தோளைத் தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அவளாகக் காட்டிய முதல் ஆள் அவர்கள்தான், முகம் சுளிக்கவில்லை.

முதலில் மூன்று மாசம் பயிற்சி கொடுத்தார்கள். மூத்திரத்தை அடக்குகிற மாதிரி உள்ளே சுருக்கி, பிடித்து, விட வேண்டும். பருப்புத் தட்டிக்கொண்டே செய்தாள், யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. ஆபரேஷன் பண்ணலாம் என்றார்கள்.

எங்கள் ஊரில் பெண்களுக்குத் தெரிந்த ஆபரேஷன் இரண்டுதான். ஒன்று குடும்பக் கட்டுப்பாடு, மற்றது கர்ப்பப்பை எடுப்பது. இது இரண்டும் இல்லை, கர்ப்பப்பையைத் தொடவே மாட்டோம் என்றார்கள் டாக்டரம்மா. மூத்திரக் குழாயைத் தாங்குகிற சதை தளர்ந்துவிட்டது, அதற்கு அடியில் நாடா மாதிரி ஒரு பட்டையை வைத்துத் தாங்கவிடுவோம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். பாவாடைக்கு நாடா கோக்கிற எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இறுக்கினால் வெட்டும், விட்டால் நழுவும், அப்படித்தானே என்றேன். அதேதான், இறுக்கிவிட்டால் மூத்திரமே போகாது, சிலருக்குப் பட்டை உறுத்திப் பின்னால் தொந்தரவு தருவதும் உண்டு, நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன் என்றார்கள். பாரம் தூக்கக் கூடாது. புகையில் உட்காரக் கூடாது. இருமல் ஓயாவிட்டால் வைத்ததும் வீணாகும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு செவந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வெளிய தெரியாதுல்லம்மா?"

தெரியாது என்றார்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டர் மதுரையிலிருந்து வருவார்கள், புதன்கிழமை வந்து சேர்ந்தால் வியாழக்கிழமை செய்துவிடலாம், இதை விட்டால் ஆடி முடிந்துதான் என்று தேதி கொடுத்தார்கள்.

நாங்கள் இருவரும் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டோம். அந்த வாரம் ஊரில் முத்துமாரிக்குக் காப்புக் கட்டு.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினால் அடுத்த வாரத் திங்களன்று தீ மிதிக்கிற பூக்குழி முடிகிறவரை ஊரில் பிறந்தவர், வாழ வந்தவர் யாரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. கொட்டகைகள் எல்லாம் அடுப்பு அணைந்து கிடக்கும், அந்த வாரம் மட்டும் ஊரில் காற்று சுத்தமாக இருக்கும். வருஷத்தில் செவந்தி நடுங்குகிற வாரம் அது. மறைக்கப் புகை இருக்காது. காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே கிடப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஆத்தா ஒன்றும் சொல்ல மாட்டாள், பிரசவத்துக்கெல்லாம் போய்விட்டு வருகிறார்களே என்று நான் தைரியம் சொல்லிவைத்திருந்தேன். அப்படிப் போகிறவர்கள் ஊர்ப் பெரியவர் அண்ணாமலை மாமாவிடம் காரணத்தைச் சொல்லி, திருநீறு வாங்கிக்கொண்டு போக வேண்டும். கர்ப்பப்பை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. பூக்குழி இறங்கக் கையில் காப்புக் கட்டியவர் வீட்டுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. எங்களுக்கு அது எதற்கு என்று இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம். பறை அடித்து, பூசாரி மஞ்சள் கயிற்றையும் வேப்பிலையையும் தட்டில் வைத்துக்கொண்டு, பூக்குழி இறங்குகிறவர்கள் வரலாம் என்றார். வழக்கமான ஆட்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ரெங்கராஜ் போய்க் கையை நீட்டினான். செவந்தியின் வீட்டுக்காரன். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன், கோயிலுக்கு வந்தால்கூட வண்டியிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டுப் போகிற ஆள். பூசாரியே ஒரு நிமிஷம் பார்த்தார். கயிறு கட்டியதும் பெண்கள் குலவை போட்டார்கள். என் பக்கத்தில் நின்ற செவந்தி வாயைத் திறக்கவில்லை. குலவைக்கு அடிவயிற்றிலிருந்து மூச்செடுக்க வேண்டும், அவள் குலவை போட்டுப் பல வருஷமாயிற்று. ஆனால் அன்றைக்கு அவள் முகம் செத்துப்போனதற்குக் காரணம் அது இல்லை.

"எல்லாம் போச்சுக்கா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் என் கடையில் இருந்தாள். புதன்கிழமை போவதா இல்லையா என்று பேசிப் பேசி நாங்கள் இரண்டு பேரும் ஓய்ந்திருந்தோம். போக மாட்டேன் என்றாள். புருஷனிடம் சொல்லிவிடு என்றேன். அதற்குச் செத்துப்போவேன் என்றாள். அவர் முகத்தில் ஒருதரம் அருவருப்பு வந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் நான் எந்த மூலையில் இருப்பது என்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ரெங்கராஜ் செருப்பில்லாத காலோடு வந்து நின்றான். இவள் அளவு பார்க்கிற திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

மஞ்சள் வேட்டிக்குக் கரை மடித்துத் தைக்கத்தான் வந்தேன் என்றான். வேட்டியைக் கொடுத்த பிறகும் போகவில்லை. மணிக்கட்டில் இருந்த கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றான்.

"யக்கா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. அவளுக்குக் கேன்சரா?"

எவன் சொன்னான் என்றேன்.

"எவனும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் போயிட்டு வாரீங்க. கேட்டா சுகர் பாக்கன்னு சொல்றா. தண்ணி குடிக்க மாட்டேங்குறா, ஆளு பாதியாப் போயிட்டா. எங்கிட்ட வந்து படுத்து நாலஞ்சு வருஷமாச்சு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுதான், வேற யார்கிட்டச் சொல்றது? அவளுக்கு நல்லாயிட்டாப் பூக்குழி எறங்குறேன்னு ஆத்தாகிட்டச் சொல்லித்தான் இதக் கட்டியிருக்கேன்."

நான் திரைப் பக்கம் பார்த்தேன். திரை விலகியது.

"கேன்சர் இல்ல" என்றாள் செவந்தி. திரையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "எனக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்குது. இருமுனா, குனிஞ்சா, சாக்கத் தூக்குனா வந்துருது. பிரகதி பொறந்ததுல இருந்து."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சொன்னது மண்டையில் ஏற நேரமாயிற்று.

"இதுக்கா அடுப்படியில படுத்த?"

"நாத்தம் வருமுல்ல."

"எம் மேலதான் வெறுத்துப் போச்சுன்னு நெனச்சேன் புள்ள. பீடி நாத்தம் பிடிக்கலயோன்னு அதக்கூட ஒரு வருஷம் விட்டுப் பாத்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தி தன் நாற்றத்துக்குப் பயந்து உள்ளே படுத்திருக்கிறாள், ஒருத்தன் தன் நாற்றத்துக்குப் பயந்து வெளியே படுத்திருக்கிறான். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணம் வரை பண்ணிப் பார்த்தவர்கள்.

அவன் முகத்தில் அருவருப்பு வரவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று அவள் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. மணிக்கட்டை இன்னொரு கையால் மூடிக்கொண்டான். அடுத்து எப்போது என்று கேட்டான். ஆடி முடிந்து என்றாள். அப்ப அடுத்த தடவை போவோம் என்றான்.

நான் கத்த ஆரம்பித்தேன். இவ்வளவு வருஷம் பட்டது போதாதா, ஒரு கயிற்றுக்காக ஒருத்தியை இன்னும் நாலு மாசம் ஈரத்தில் உட்காரச் சொல்கிறாயா என்றேன். அவன் அவளிடம்தான் பதில் சொன்னான்.

"ஒனக்காக ஆத்தாகிட்டக் கட்டிக்கிட்டு, நானே ஒன்ன எல்லையத் தாண்ட விட்டா அது ஒந்தலையிலதான விடியும்? ஆபரேஷன் டேபிள்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"கட்டுறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ எங்கிட்டச் சொன்னியா?"

அவன் வேட்டியை மறந்துவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் நான் கடையைச் சாத்திவிட்டுப் போனபோது செவந்தி எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். கையில் கட்டைப் பை. அண்ணாமலை மாமாவிடம் திருநீறு வாங்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. எதிரே புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த குட்டியானையில் ரெங்கராஜ் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணாமலை மாமாவின் பெண்டாட்டி மருதாயி அத்தை அந்தப் பக்கமாக வந்தார். ஊரில் யார் எந்தப் பக்கம் தும்மினாலும் அவருக்குக் கணக்கு வேண்டும்.

"எங்கிட்டுப் போறீங்க ரெண்டு பேரும்?"

"டவுனுக்கு, அத்த" என்றாள் செவந்தி.

"பொழுது சாய வந்துருவீகல்ல? காப்புக் கட்டுன வீடு."

பஸ் வந்துவிட்டது. செவந்தி ஏறினாள். எல்லைக்கல் தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். நானும் மனசுக்குள் ஆத்தாவைக் கும்பிட்டுக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அன்று ராத்திரி வார்டில் அவள் தூங்கவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். விடிந்து, அவள் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு, தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது வார்டு வாசலில் நர்ஸ் யாரையோ விரட்டுகிற சத்தம் கேட்டது. மஞ்சள் வேட்டி, வேப்பிலை, வெறுங்கால். ரெங்கராஜ்தான், என் கடையில் விட்டுப்போனதற்குப் பதில் வேறொரு வேட்டியில். இங்கே சாமியாடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவந்தி அவனைப் பார்த்ததும் சந்தோஷப்படவில்லை, பயந்துபோனாள்.

"ஏன் வந்தீங்க? ஊர்ல என்ன சொல்லுவாக?"

"அங்க இருப்புக் கொள்ளல" என்றான்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அவன் திரும்பவில்லை. அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் வராந்தாவில் வெறுந்தரையில் படுத்துக் கிடந்தான்.

ஆபரேஷன் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு ரவிக்கை வெட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் டியூப்பை எடுத்துவிட்டு, தானாக மூத்திரம் போகிறதா என்று பார்த்தார்கள். முதல்தடவை சரியாகப் போகவில்லை. பட்டை இறுகிவிட்டதோ என்று நான் கிலிபிடித்துப் போனேன். இரண்டாவது தடவை போய்விட்டது. பிறகு டாக்டரம்மா தண்ணீர் குடிக்கவைத்து, நிற்கவைத்து, இருமச் சொன்னார்கள். செவந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கீழே குனிந்து தரையைப் பார்த்தாள். இன்னொருதரம் இருமட்டுமா என்று கேட்டாள். போதும், தையல் பிரிந்துவிடும் என்றார்கள். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கவலை அவளுக்கு ஊர்மேல் போய்விட்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோவில் ஊர் திரும்பினோம். எல்லையிலேயே ஆள் நின்றது. சாயங்காலம் ரெங்கராஜ் கோயிலுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கர்ப்பப்பை என்று சொல்லிவிடு, அது கேட்கிறவனுக்கும் கூச்சமில்லாத ஆபரேஷன் என்றேன். தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பி நான் செவந்தியோடு அவள் வீட்டில் இருந்துவிட்டேன்.

திருவிழாவுக்குப் போஸ்டுக்குப் போஸ்ட் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஒன்று செவந்தி வீட்டு வாசல் போஸ்டிலேயே. சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்று, அண்ணாமலை மாமா மைக்கில் வழக்கை ஆரம்பித்தார். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டி ராத்தங்கியிருக்கிறான், பெண்டாட்டியும் திருநீறு வாங்காமல் போயிருக்கிறாள், என்ன காரணம் என்று ஆத்தா முன்னால் சொல்லட்டும் என்றார். மைக் கை மாறுகிற கரகரப்பு கேட்டது. ரெங்கராஜ் தொண்டையைச் செருமினான்.

"ஆத்தா முன்னால பொய் சொல்ல மாட்டேன். எம் பொண்டாட்டிக்கு இருமுனா மூத்திரம் போயிரும். புள்ள பெத்ததுல இருந்து இருக்கு, எங்கிட்டயே சொல்லல. அதுக்கு ஆபரேஷன் பண்ணுனோம். நான் கூடப் போய்ப் படுத்தேன். தப்புன்னா எனக்குச் சொல்லுங்க, அவளச் சொல்லாதீக."

ஊர் முழுக்கக் கேட்டது. பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும். செவந்தி கட்டிலில் இருந்தவள் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

"யக்கா, கதவச் சாத்துங்க" என்றாள் உள்ளேயிருந்து. சாத்தினேன். நான் திரும்பி வந்ததும், "கேன்சர்னே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

தீர்ப்பு சின்னதுதான். காப்பை அவிழ்த்து ஆத்தா காலடியில் வைத்துவிட வேண்டும், பூக்குழி இறங்கக் கூடாது. அதைவிடக் கொடுமை, அந்த மாதிரித் தீட்டு வீட்டில் காப்பே கட்டியிருக்கக் கூடாது என்று மருதாயி அத்தை கூட்டத்தில் சத்தமாகச் சொன்னார். அதையும் மைக் பிடித்துக்கொண்டது.

திருவிழா முடிந்தது. அடுப்புகள் திரும்ப எரிய ஆரம்பித்தன. செவந்தி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கொட்டகைக்குப் போகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. புருஷனோடு பேச்சில்லை. சோற்றை டொங்கென்று வைப்பாள், அவன் சாப்பிட்டுவிட்டுப் போவான். முன்னே உடம்பு நனைந்தாலும் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்தேன், இப்போது உடம்பு காய்ந்து என்ன புண்ணியம் என்றாள் என்னிடம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பொறியிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தாயிற்று. நான் சும்மா விடவில்லை. ஒருநாள் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து கடையில் உட்காரவைத்து, ஒரு கட்டு ரவிக்கையை மடியில் போட்டுக் கொக்கி வைக்கச் சொன்னேன். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தைத்தாள். சாயங்காலம் ரெங்கராஜ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போவாள்.

அந்த வாரத்திலிருந்து கடைக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்கள் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. வருகிறவள் நூல்கண்டு விலை கேட்பாள், பழைய ரவிக்கையைப் பிரித்துவிட முடியுமா என்பாள், செவந்தியின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பாள், போய்விடுவாள். துணி ஒருத்தி கையிலும் இருக்காது. செவந்தி அந்தப் பார்வை பட்டுப் பட்டுக் கூனிக்கொண்டே போனாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் மருதாயி அத்தை வந்தார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக இருந்தேன். ஏதாவது ஒரு சொல் தப்பாக வந்தால் போதும், அன்றைக்கு அவரை விடுவதாக இல்லை. அவர் வாசற்படியிலேயே நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். வெயிலைத் திட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க நாத்தனா ஒருத்தி திருவரங்குளத்துல இருக்காள்ல, அவளுக்கு ஒரு மாதிரி தொந்தரவா இருக்காம். எந்த டாக்டருன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

அந்த நாத்தனாரை எனக்கும் தெரியும். அவருக்குப் போன தை மாசம் கருமாதி நடந்தது, நானே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் செவந்தி ஊசியை ரவிக்கையில் குத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன்.

"நாத்தனா இருக்கட்டும் அத்த. ஒங்களுக்கு இருமுனா மட்டுமா, நடந்தாலுமா?"

மருதாயி அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ரோட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, பெஞ்சில் செவந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சிரிச்சாலும்" என்றார்.